பீரோவின் ஆசீர்வாதம்

மன அழுத்தம் என்பது வேலை தெரியாதவர்களுக்கு மட்டும் வரும் வியாதி. ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் இந்த அறையில் சேர்ந்த வாரமே இப்படி அறிவித்ததால்தான் அவனுக்குத் ‘தத்துவம்’ என்று பெயர். மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைகளின் மேல் நிழலாக நீட்டி வைத்திருக்கிறது. பக்கத்து மேசை அக்கா ஒரு மோசமான அழைப்பை முடித்துவிட்டு, வழக்கம்போல எழுந்துபோய், மூலையிலிருக்கும் இரும்பு பீரோவில் நெற்றியைச் சாய்க்கிறாள். “என்னக்கா, பீரோ ஆசீர்வாதம் பண்ணுதா?” “பண்ணுதுடா. உன் தத்துவத்தைவிட நல்லாவே பண்ணுது.” அவன் சிரித்து முடிப்பதற்குள் அவனுடைய போன் அடிக்கிறது. “குழந்தை பிறந்துடுச்சு சார், ஆனா அழவே மாட்டேங்குது!” ஓர் அப்பாவின் குரல். “துண்டால நல்லா துடைங்க. முதுகைத் தேய்ச்சுக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்.” தத்துவத்தின் குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை; கை மட்டும் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறது. காதில் துணி உரசும் சத்தம், வேறொன்றுமில்லை. பீரோ பக்கத்தில் அக்கா திரும்பி, அசையாமல் நிற்கிறாள். பிறகு ஒரு சின்ன விக்கல். அதன் பின்னால், இயர்போனைக் கிழித்துக்கொண்டு, உலகத்துக்குப் புதிதாக வந்த ஓர் ஆளின் மகா கோபம். இவ்வளவு பெரிய சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. அப்பா அழுகிறார். ஆம்புலன்ஸ் வந்து சேர்கிறது, போன் அடங்குகிறது. தத்துவம் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மூலைக்கு நடக்கிறான். அக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். ஜில்லென்ற இரும்பில் அவன் நெற்றியைச் சாய்க்கிறான்.