வெளியிலிருந்து ஒரு சாவி

குழந்தைவேலு தன் வீட்டை முதன்முதலாக வாடகைக்கு விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. குடிவந்த பெண் மெர்லின் போன் செய்து, கதவுப் பூட்டை மாற்ற வேண்டும் என்றாள். மகள் வீட்டிலிருந்து அவர் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி புதுப் பூட்டோடு காத்திருந்தார்.

“மத்தியானம் தனியா இருந்தேங்க. யாரோ வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தாங்க. நல்லவேளை, உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.”

பழைய பூட்டின் இன்னொரு சாவி மகன் மாதேஷிடம் இருந்தது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவனிடமிருந்து வருஷக்கணக்காகத் தகவலே இல்லை. அவன் வருவான் என்றுதான் பூட்டை மாற்ற அவன் அம்மா விடவில்லை. போன தை மாதம் அவளும் இறந்துபோனாள்.

“ஆள் எப்படிம்மா இருந்தான்?”

“பாக்கலைங்க. போலீஸைக் கூப்பிடுவேன்னு கத்தினேன். அப்புறம் ‘அம்மா இல்லீங்களா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொன்னேங்க. போயிட்டாங்க.”

ஆசாரி அவரைப் பார்த்தார். “கழட்டிரலாமுங்களா?”

மெர்லின் உள்தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு கதவை விட்டு விலகி நின்றார்.