சிவப்பு மேலங்கி

தாதி சந்திரமதி சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டதும் வார்டு அடங்கிப்போகிறது. 'மருந்து கொடுக்கும் நேரம், பேச வேண்டாம்' என்று அதன் முன்னும் பின்னும் நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. இன்று இரண்டு தாதிகள் எம்சி, மருத்துவ விடுப்பு. "இந்த ரெண்டு ரூமும் உனக்குத்தான் லா" என்று சொல்லிவிட்டு உடன் வேலைசெய்யும் தாதி அனிதா எதிர்ப்பக்கம் ஓடியிருக்கிறாள். சன்னலுக்கு வெளியே சிங்கப்பூரின் ஆங் மோ கியோ அடுக்குமாடிகளின் மேல் மாலை மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஒரு துளிகூட விழவில்லை. ஆனாலும் எங்கோ சொட்டுகிற சத்தம் கேட்கிறது. ஏர்கான் ஒழுகுகிறது போலும். கவனம் சிதறினால் மாத்திரை மாறிவிடும். அவள் திரும்பாமல், சீனப் பெரியவரின் கைப்பட்டையில் உள்ள பெயரை மருந்துப் பொட்டலத்தோடு ஒத்துப்பார்க்கிறாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பெரியவர் மாத்திரையை வாங்கிக்கொள்கிறார், ஆனால் விழுங்காமல் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார். பக்கத்துக் கட்டில்காரரின் கண்ணும் அங்கேயே நிலைகுத்தியிருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் சொட்டுகிறது. அவள் திரும்புகிறாள். கப்பல் பட்டறைத் தொழிலாளி முத்துராமன் பள்ளிப் பிள்ளையைப் போல வலக்கையை உயர்த்தியபடி உட்கார்ந்திருக்கிறான். மடியில் அழைப்பு மணி தொடப்படாமல் கிடக்கிறது. இரத்தம் உறையாதிருக்க மருந்து ஏறிக்கொண்டிருந்த இடக்கையில் ஊசிக்குழாய் கழன்று தொங்குகிறது. விரல் நுனியிலிருந்து இரத்தம் சொட்டிச் சொட்டித் தரையில் தேங்கியிருக்கிறது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. அவன் பார்ப்பது அவளை அல்ல, மேலங்கியை.

"இப்ப பேசலாமா, சிஸ்டர்?"