நடுவில் வளர்ந்த கல்

நுண்ணோக்கியில் தெரிந்தது, அங்கே இருக்கவே கூடாத ஒரு கல்.

ஒரு பக்கம் குவார்ட்ஸ். மறுபக்கம் பெரிக்கிளேஸ். இரண்டும் அவள் வைத்த கற்கள். நடுவில் சீப்புப் பல் போல நெருக்கியடித்து நின்ற பளபளப்பான பட்டையை மட்டும் யாரும் வைக்கவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பட்டை அசையாமல் அவளைப் பார்த்தது.

இரண்டு கற்களை ஒட்டவைத்து வாரக்கணக்கில் உலையில் சுட்டால், தொடும் இடத்தில் இதுவும் கொஞ்சம் கொடுக்கும், அதுவும் கொஞ்சம் கொடுக்கும். நடுவே மூன்றாவது கல் ஒன்று பிறக்கும். பூமியின் வயிற்றுக்குள் நடப்பதும் அதுதான். துளி ஈரம் இருந்தால் அது வேகமாக வளரும். ஈரமே இல்லாவிட்டால்? அதுதான் அவள் ஆராய்ச்சி.

இதுவரை சுட்டவை எல்லாம் வைத்தது வைத்தபடியே வெளியே வந்தன.

"ஒண்ணும் வளரலைன்னு இன்னும் எத்தனை தடவைம்மா எழுதுவே?" என்று ஆய்வக இயக்குநர் அலுத்துக்கொண்டார். இதுவும் சும்மா வந்தால் உலை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இப்போது வளர்ந்திருக்கிறது. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதே சூடு, அதே அழுத்தம். எப்படி வளர்ந்தது? 'காய்ந்த கல்லில் வளர்ந்தது' என்று எழுதினால், அது பொய்யாக இருந்துவிட்டால்? எழுதாவிட்டால் உலை போச்சு. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

கற்களைக் குழாயில் வைத்து மூடிய நாளை மனதில் ஓட்டிப் பார்த்தாள். கற்களை நன்றாகக் காயவைத்தாள். தன் மூச்சுகூடப் படாதபடி முகமூடி போட்டு, பிளாட்டினக் குழாயில் இறக்கினாள். மூடப்போன நேரத்தில் இயக்குநர் கூப்பிட்டார். திரும்பி வந்ததும் தானே பற்றவைத்து மூடினாள்.

அந்த இடைவெளியில் அறைக்குள் இருந்தது உலை அக்கா மட்டும்.

உலையைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் உலை அக்கா. இருவருக்கும் பேச்சு நின்று பல வாரமாகிறது. ஒருமுறை சுட்டுக்கொண்டிருந்த உலை பாதியில் அணைந்துபோக, "உங்க கை பட்டாலே எதுவும் உருப்படாதுக்கா!" என்று நடைபாதையே கேட்க இவள் கத்திவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, குற்றம் மின்சாரத்துடையது. ஆனால் கொட்டிய சொல்லை யார் அள்ளுவது?

ஒருவேளை பழிவாங்கிவிட்டாளோ?

நினைத்ததுமே தன்மேல் வெறுப்பு வந்தது. நினைப்பு மட்டும் போகவில்லை. எழுந்து உலை அறைக்குப் போனாள்.

"அக்கா, அன்னிக்கு என் குழாயை ஏதாச்சும் செஞ்சீங்களா?"

அக்காவின் முகம் வெளுத்தது. "சத்தியமா தொடலம்மா. கை ரெண்டையும் பின்னாலதான் கட்டியிருந்தேன்."

"பின்னால கட்டிக்கிட்டு?"

"குழாய்மேல குனிஞ்சு கடவுள்கிட்ட கேட்டேன். இந்தத் தடவையாவது இது நல்லபடியா வரட்டும், இந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு. அவ்வளவுதான்."

"முகமூடி?"

"நல்லா கேட்டே போ. வாயைப் பொத்திக்கிட்டா வேண்டுவாங்க?"

ஒரு வேண்டுதல் நீளத்துக்கு மூச்சு. காய்ந்த கல்லுக்கு அது போதும். உலைக்குள் அந்த ஈரம்தான் வேலை செய்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இயக்குநரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். காய்ந்த கல் இல்லை, மூச்சு பட்ட கல். அவர் நுண்ணோக்கியில் குனிந்து பட்டையைப் பார்த்தார். காய்ந்தது, மூச்சு பட்டது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுக் காட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டு குழாய்கள் தயாராயின. ஒன்றை முகமூடியோடு, மூச்சை அடக்கிக்கொண்டு அவள் மூடினாள்.

"இது உங்களுதுக்கா. குனிஞ்சு வேண்டிக்கோங்க."

அக்கா மேசையருகே வந்தாள். வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவள் அக்காவின் பின்னால் போய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு, திறந்திருந்த குழாயை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.