டிராகன் குளிக்கும் நேரம்

"டிராகன் தூங்கவே தூங்காதுன்னா ராணி எப்படிடி தப்பிப்பா?"

"கதையில அப்படித்தாம்மா இருக்கு. நான் மாத்த மாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவும் மகளும் போட்ட சண்டையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார் அப்பா. மகளுக்கு உயிரான மாயக் கதையை வைத்து, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் கட்டம் கிழித்து விளையாட்டு செய்துகொண்டிருந்தார்கள். ராணிக்குச் சிவப்புப் பொத்தான், இளவரசிக்கு வெள்ளைப் பொத்தான்.

"கோட்டைய விட்டு வெளிய வர வழியே இல்லப்பா. ஆட்டம் முடியவே மாட்டேங்குது" என்றாள் மகள்.

"இதுக்கா இந்தக் கூப்பாடு? டிராகன அருவியில குளிக்க விடுங்க. குளிக்கிறப்ப கழுத்துல மாட்டியிருக்கிற கோட்டைச் சாவியக் கழட்டி வெச்சுத்தானே ஆகணும்? தண்ணி சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது."

"தொரத்திட்டு வந்தா?" மனைவி தலை நிமிராமல் கேட்டாள்.

"வெளியில பூட்டிட்டுப் போயிட்டா எப்படிடி வரும், மக்கு!"

மகள் அதையும் விதியாக எழுதிக்கொண்டாள். எல்லாத்துக்கும் நான்தான் வேணும் என்ற பெருமையோடு அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

பாட்டுப் பாடிக் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கட்டிலில் வைத்த சாவிக்கொத்தைக் காணோம். ஓடிப்போய் வாசல் கதவை இழுத்தார். வெளியே பூட்டியிருந்தது.

நாலு வருஷமாக, வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் உள்ளே வைத்து அவர் பூட்டுவாரே, அதே பூட்டு.

"யாராவது கதவத் தொறங்க!" என்று ஜன்னல் வழியாக இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தெருவில் நீங்கள் போய்க்கொண்டிருந்தால் திறந்துவிடுவீர்களா? யோசித்து, கண்டிப்பாகப் பதில் எழுதுங்கள்.