நாலு மணிக்குப் பிந்திய தீர்ப்புகள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. படூரில், தீர்ப்புகளை ஆராயும் மீராவின் கணினித் திரையில், எங்கள் பக்கத்து நீதிமன்றம் ஒன்றின் இருபது வருஷத் தீர்ப்புகள் புள்ளிப் புள்ளியாக மின்னுகின்றன. வழக்குப் போட்டவர் தோற்றவை சிவப்பு. நாலு மணிக்குப் பிறகு விசாரித்தவை முக்கால்வாசி சிவப்பாகவே கிடக்கின்றன. அதில் ஒன்றின்மேல் கன்னியம்மா விரலை வைத்திருக்கிறாள். அவள் நிலம் போன வழக்கு. அந்தச் சிவப்பு அவள் நகத்தில் தெரிகிறது.

"இன்னாத்துக்கு நைனா தோத்தேன்? அப்பீல்ல இன்னான்னு சொல்றது?"

"நாலு மணிக்கு மகாபலிபுரத்துக் கடல்காத்து வரும். ஜட்ஜய்யா காதுல உப்பு அடைச்சிக்கும்," என்கிறேன்.

மீரா சிரிக்காமல் அதையும் பதிந்துகொள்கிறாள். கன்னியம்மா நம்பித் தலையாட்டுகிறாள். நான் காப்பி டம்ளரை முகத்திலிருந்து இறக்கவே இல்லை.

அடுக்கு சரியாதிருக்கத் தடித்த வழக்குக் கட்டுகளை அடியில் வைத்து, கன்னியம்மாவின் தடித்த கட்டை நாலு மணிக்கு மேல் கடைசியாக ஜட்ஜய்யாவிடம் எடுத்துக் கொடுத்த பெஞ்சு கிளார்க் நான்தான்.