மணலில் கிடைத்த வளையங்கள்

"இதை வெள்ளின்னு உங்ககிட்ட யாரும்மா சொன்னது?"

கேட்டுக்கொண்டே மேசைமேல் விரித்திருந்த துணியிலிருந்து ஒரு வளையத்தை இடுக்கியால் எடுத்து விளக்கடியில் பிடித்தார் மதிப்பீட்டாளர். பழைய காசோ, பழைய வெள்ளிச் சாமானோ, அவர் பார்த்துச் சொல்லிவிட்டால் அந்த ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உள்ளங்கை முழுக்கத் தகரம் கிழித்த தழும்புகள்.

"பெரியவங்க சொன்னாங்கய்யா," என்றாள்.

துணியில் ஆறு வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் விரல் நுழையும் அளவு. ஓரம் தேய்ந்து, மங்கலான வெண்மையில், ஏதோ அந்தக் காலத்து நகையிலிருந்து கழன்று விழுந்தவை போலத்தான் தெரிந்தன. கடற்கரை மணலில் பொறுக்கியவை என்றாள். முன்பு அவள் வேலைக்குப் போன வழி அது. காலில் தட்டுப்படுவதையெல்லாம் எடுத்து, மகளுக்குச் சன்னல் தொங்கல் கோத்துக் கொடுக்கலாம் என்று சேர்த்து வைத்திருக்கிறாள்.

மதிப்பீட்டாளருக்குச் சங்கடமாக இருந்தது. இப்படி எத்தனையோ பேர் மனக்கோட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். உண்மையைச் சொன்னதும் முகம் தொங்கிப்போகும். அதனால் மெதுவாகவே ஆரம்பித்தார்.

முதலில் காந்தத்தை வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. வெள்ளியும் ஒட்டாது, இதுவும் ஒட்டாது, பல பேர் ஏமாறுவது இங்கேதான் என்றார். பிறகு அதே பருமனில் வெள்ளி வளையம் ஒன்றை அவளுடைய ஒரு கையிலும், அவள் கொண்டுவந்ததை மறு கையிலும் வைத்தார். வெள்ளி கனத்தது. மற்றது இருப்பதே தெரியவில்லை. உருப்பெருக்கியைக் கொடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். மெல்லிய தகட்டைச் சுருட்டி மடித்த கோடு தெரிந்தது.

"குளிர்பானம் வருமேம்மா, அலுமினிய டப்பா. அந்த நாள்ல அதுக்கு மேல ஒரு வளையம் இருக்கும். இழுத்தா நாக்கு மாதிரி மூடியோட கையில வந்துடும். குடிச்சவங்க அங்கேயே வீசிட்டுப் போயிடுவாங்க. நாக்கு ஒடிஞ்சு, உப்புத் தண்ணியில ஊறி, மணல்ல உரசி இப்படி ஆயிடுச்சு."

அவள் முகம் தொங்கவில்லை. "கொஞ்சம்கூட வெள்ளி கலக்கலையாய்யா?"

"குந்துமணி அளவுகூட இல்லை."

நீண்ட மூச்சு விட்டாள். அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

வெள்ளி என்று எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு. இல்லை என்று எழுதித் தரச் சொல்லி யாரும் இதுவரை வந்ததில்லை. யாருக்காக என்று விசாரித்தார்.

மகளுக்காக என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய வீட்டில் துடைத்துப் பெருக்கும் வேலை. அங்கே பாதுகாத்து வைத்திருந்த பழைய வெள்ளிச் சங்கிலியில் சில வளையங்கள் காணாமல் போயின. அன்று காலை மணலில் எடுத்த ஒன்பது வளையங்கள் அவள் பையில் இருந்தன. அவற்றை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்; இந்த ஆறும் அதற்கு முன்பே வீட்டில் சேர்த்து வைத்தவை. காலைப் பிடித்து அழுதும் யாரும் காதில் வாங்கவில்லை. வேலை போனது. தெருவெல்லாம் பேச்சானது. மகளைப் பள்ளிக்கூடத்தில் திருடி மகள் என்றார்கள். அந்த மகள் அத்தை வீட்டோடு போனவள்தான், திரும்பி வரவில்லை. கல்யாணத்துக்குக்கூட அம்மாவைக் கூப்பிடவில்லை.

"மணல்ல எங்கேயாவது வெள்ளி கிடக்குமான்னு என் பொண்ணு கேட்டாய்யா. எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு."

இப்போது பழைய இரும்புக் கடையில் சாமான் பிரிக்கிறாளாம். போன மாதம் ஒரு மூட்டையிலிருந்து திறக்காத பழைய டப்பா ஒன்று உருண்டு வந்தது. அதன் தலையில் அதே வளையம். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

மதிப்பீட்டாளருக்கு மனசு கேட்கவில்லை. கோபமும் வந்தது. "ஒரு தடவை கையில எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே. யாரு அந்த அறிவுகெட்டவன்?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

அவர் காகிதத்தை எடுத்தார். இவை வெள்ளி அல்ல, அலுமினிய டப்பாவின் திறப்பு வளையங்கள், கடற்கரையில் எங்கும் கிடைக்கக்கூடியவை என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்தார்.

"உங்களுக்கே தெரிஞ்சுபோச்சே. அந்த டப்பாவைக் காட்டினாலே போதுமே. எதுக்கு இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்தீங்க?"

"நீங்க எழுதினாதான் என் பொண்ணு நம்புவாய்யா."

மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வேலையை விட்டு அனுப்பியபோது அந்த வீட்டில் கொடுத்தது என்றாள்.

'நீங்கள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்தேன். ஒன்பதும் பழைய வெள்ளிதான், சந்தேகமே வேண்டாம்' என்று அதில் எழுதியிருந்தது. அடியில் அவருடைய கையெழுத்து.