ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது

தச்சநல்லூர் குழாய்க்கடை காந்திமதிநாதன் பேசினால் இனி ஆகாயம் காது கொடுத்தே தீர வேண்டும் என்று இந்திய அரசாங்கமே முத்திரை குத்தி எழுதிக் கொடுத்துவிட்ட மகத்தான செய்தியை, உலகம் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

அந்த அமெச்சூர் ரேடியோ உரிமம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாடி அறைச் சுவரில் தொங்குகிறது. அதிலுள்ள, வானலையில் அவருக்குப் பேரான ஆறெழுத்து அழைப்புக்குறி கடைப் பலகையிலும் ஏறி, ‘குழாய் சாமான்கள் கிடைக்கும்’ என்பதை ஓர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டதில் துணி காயப்போடும் கொடி போயிற்று.

“நாலு வீடு தள்ளி இருக்க தம்பிகிட்ட பேச்சுவார்த்தை கிடையாது. ஜப்பான்காரன்கிட்ட பேசப் போறாவளாம்” என்பது மனைவி முத்துராணியின் கருத்து.

இன்று அதே ஆறெழுத்து அவர் காலடியில் விரிந்து கிடந்தது.

பத்தமடைப் பாய். பட்டுப்போல மடிகிற கோரை. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பேர் நெய்கிற இடத்தில், சிவப்பில் அவருடைய அழைப்புக்குறி.

கொண்டுவந்தவன் ரசீத். பத்தமடையில் செல்போன் கடை வைத்திருப்பவன். அவரோடு ஒன்றாகத் தேர்வெழுதி, ஒன்றாக உரிமம் வாங்கியவன்.

“வாப்பா சொல்லி நெய்ய வச்சது, அண்ணாச்சி. மேல உக்காருங்க.”

காந்திமதிநாதன் உட்காரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மழை வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை. தெருவாசிகள் பத்துப் பேர் இந்த அறையில் வந்து நின்றார்கள். அத்தனை பேர் ஒருசேர அவர் முகத்தைப் பார்த்தது, அவருடைய கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

பேட்டரியில் ஓடிய ரேடியோவில் அப்பளம் பொரிகிற சத்தம் வந்தது. அதற்குள் எங்கேயோ ரசீதும் இருந்தான்.

‘அண்ணாச்சி’ கேட்டது. ‘ஓவர்’ கேட்டது. நடுவில் உள்ளது கேட்கவில்லை.

திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் அப்பளம்.

இன்னொரு தடவை கேட்டிருப்பார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல், “என்னவே, ஒண்ணும் வெளங்கலையோ?” என்றது.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு மரியாதை உண்டு. என் குரல் எப்படி வருகிறது என்று எதிராளி கேட்டால் ‘ஃபைவ் நைன்’ என்று சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பதுக்கு ஒன்பது. கேட்டவர்களும் அதைத்தான் சொல்வார்கள், கேட்காதவர்களும் அதைத்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் கை கழுவும்போது சாப்பாடு எப்படி என்று கேட்டால், சாம்பார் தீய்ந்திருந்தது என்றா சொல்கிறோம்?

“ஃபைவ் நைன், ரசீத். எல்லாம் கிடைச்சுது. ஏற்பாடு செய்யுதேன். ஓவர்” என்றார்.

தெரு கைதட்டியது.

நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் ஐம்பத்தொன்பது என்று முத்துமுத்தாகக் குறித்துக்கொண்டார். சும்மா சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டிருப்பான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அன்று அவருக்குத் தெளிவாகக் கேட்டது அந்தக் குரல் ஒன்றுதான்.

ஆட்கள் கலைந்த பிறகு ரகசியமாக ஏழெட்டுத் தடவை ரசீதைக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

“நீங்க கிடைச்சுதுன்னு சொன்னதும் செட்ட ஆஃப் பண்ணிட்டேன், அண்ணாச்சி” என்றான் ரசீத், பாயின் ஓரத்தை நீவிக்கொண்டே. “சார்ஜ் ஒரு கோடுதான் கிடந்துச்சு. மொட்டைமாடியில ஆறு பேரு. வாப்பாவுக்குக் கால்ல தகரம் கிழிச்சிட்டு, சீனி வியாதி வேற. அதைத்தான் ரெண்டு தடவையும் உங்ககிட்ட சொன்னேன்.”

முத்துராணி காப்பியோடு வந்து நின்றாள்.

“சாயங்காலம் ஒரு ரப்பர் படகு வந்துச்சு மதினி. வாப்பாதான் திருப்பி அனுப்பிட்டாவ. எங்களுக்கு அண்ணாச்சி ஆள் அனுப்புதாவ, நீங்க யாரும் இல்லாதவங்களப் போய்ப் பாருங்கன்னுட்டாவ.” காப்பியை வாங்கிக்கொண்டான். “என்னவோ, நம்ம படகு வரல. மறுநா தண்ணி வடிஞ்ச பொறவுதான் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனோம்.”

“இப்ப எப்படி இருக்காவ?”

“கீழ ஆட்டோவுலதான் இருக்காவ. படி ஏற முடியாதுல்லா. முட்டிக்குக் கீழ எடுத்தாச்சு.”

முத்துராணி புருஷனைப் பார்த்தாள். அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

‘எனக்கு ஒண்ணுமே கேக்கல, பாய்.’ நாலே சொல். ஒவ்வொரு படியிலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எல்லாப் படியிலும் சரியாகத்தான் வந்தது.

ஆட்டோவில் ரசீதின் வாப்பா அசன் மைதீன் உட்கார்ந்திருந்தார். கைலியின் ஒரு பக்கம் இருக்கையில் தட்டையாகக் கிடந்தது. அவர் காந்திமதிநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். அன்னைக்கு நீங்க எங்களுக்காக அனுப்பின படகு வரல. அதுல வந்த பிள்ளைங்களுக்கு வழியில ஒண்ணும் ஆயிடலையே? தொழ உக்காந்தாலும் அதான் நெனப்பா வருது. என் ஒரு காலுக்காக நாலு பிள்ளைங்க ஆத்தோட போயிருந்தா, நான் என்ன பதில் சொல்ல?”

ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் நின்ற இரண்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காந்திமதிநாதன் தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் சௌக்கியமா இருக்காவ, பாய்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று அசன் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படகு புறப்படவே இல்லை.